படிப்பில் பின்தங்கிய ஒன்பது வயதுச் சிறுவன்: நாள்பட்ட சிறுநீரக நோயில் அறிவுத்திறன் மதிப்பீடு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சிறுவன் தனி ஒருவன் அல்ல. குழந்தைகள் சிறுநீரகப் பிரிவுகளில் அடிக்கடி காணப்படும் ஒரு நிலைமையை ஒரே நோயாளியின் வடிவில் தொகுத்து, கற்பித்தலுக்காக எழுதியது. சிறுவனின் அளவீடுகள் இந்தத் தொகுப்புக்காக அமைக்கப்பட்டவை. மருந்தளவுகளும் வரையறைகளும் ஆய்வு முடிவுகளும் மருத்துவ நடைமுறையில் உள்ளவை.

வந்த காரணம்

வயது 9 ஆண்டு 4 மாதம். நான்காம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் மூன்று புகார்கள் இருந்தன: சொன்னதைப் பாதியில் மறந்துவிடுகிறான், கணக்கில் தேறவில்லை, மதியத்துக்குப் பிறகு மேசையில் தலை சாய்த்துவிடுகிறான். ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைபாட்டுக்கு மருந்து தொடங்கலாமா என்று அதில் கேட்டிருந்தார்கள். கூடவே பழைய அறிக்கை ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. 8 வயது 5 மாதத்தில் எடுத்த நுண்ணறிவுத் தேர்வில் மொத்த மதிப்பெண் 68, முடிவு 'லேசான அறிவுசார் குறைபாடு'.

அந்த அறிக்கையைத் தாயார் ஏற்கவில்லை. "கதை கேட்டா ஒண்ணுவிடாம திருப்பிச் சொல்றான் டாக்டர். ஆனா மாடிக்குப் போய் டவலும் சீப்பும் எடுத்துட்டு வா, வரும்போது ஃபேனை நிறுத்துன்னு சொன்னா, டவலோட மட்டும் வந்து நிப்பான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் நோயறிதலின் பாதி இருக்கிறது. சொல்வளமும் புரிதலும் நன்றாக இருக்க, ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் இடத்தில் மட்டும் சறுக்குகிறது. நுண்ணறிவு முழுவதும் குறைந்த குழந்தையிடம் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

முன்வரலாறு

கர்ப்ப ஸ்கேனிலேயே இரு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தது தெரிந்தது. 36 வாரத்தில் பிறப்பு. சிறுநீர்த்தாரையின் பின்பகுதியில் அடைப்பு வால்வு இருந்தது, அது பிறந்த 6-ஆம் நாள் உள்நோக்கி வழியாக நீக்கப்பட்டது. அடைப்பு நீங்கினாலும், கருவிலேயே கெட்ட சிறுநீரகத் திசு திரும்பவில்லை.

முதல் ஆண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். உப்பைத் தக்கவைக்க முடியாத சிறுநீரகம் என்பதால் சோடியம் ஒருமுறை 126 மி.மோல்/லி. வரை இறங்கியது. எடை ஏறாததால் 5 மாதம் முதல் 14 மாதம் வரை மூக்குக் குழாய் வழியாக ஊட்டப்பட்டது. ஒரு வயதில் தலைச் சுற்றளவு 3-ஆம் சதமானத்துக்குக் கீழே, அதாவது அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரில் கடைசி மூவருக்குள் இருந்து, ஊட்டம் சரியான பின் 10-ஆம் சதமானத்துக்கு ஏறியது. மனித மூளை மிக வேகமாக வளர்வது வாழ்வின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தில் வரும் சத்துக்குறைவும் சோடியத் தாழ்வும் பின்னாளில் வரும் அதே அளவுக் கோளாறைவிடக் கூடுதலாகப் பாதிக்கும். அந்த ஒன்பது மாதக் குழாய் ஊட்டத்தைப் பெற்றோர் ஒரு தோல்வியாகவே நினைத்து வந்தார்கள். உண்மையில் இந்தச் சிறுவனின் மூளைக்குக் கிடைத்த மிகப் பெரிய சிகிச்சை அதுவே, இதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

15 மாதத்தில் முதல் சொல், 16 மாதத்தில் நடை. வலிப்பு வந்ததில்லை. குழந்தைப் பருவத்தில் சிறுநீர்த் தொற்றுக்காக மூன்று முறை ஜென்டாமைசின் ஏற்றப்பட்டிருந்தது. மருந்துப் பட்டியலில் ஒரு வரியாக மட்டும் கிடந்த இந்தத் தகவல் பின்னால் முக்கியமானது.

பரிசோதனை

உயரம் 122 செ.மீ., எடை 22.4 கிலோ. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.4 மி.கி./டெ.லி. 2009-இல் திருத்தப்பட்ட ஷ்வார்ட்ஸ் சூத்திரப்படி 0.413-ஐ உயரத்தால் பெருக்கி கிரியாட்டினினால் வகுத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வீதம் 36 மி.லி./நிமிடம்/1.73 ச.மீ. என்று கிடைக்கிறது. இது நாள்பட்ட சிறுநீரக நோயின் 3-ஆ நிலை. டயாலிசிஸ் தேவைப்படும் நிலை இன்னும் தொலைவில் இருக்கிறது. 'இன்னும் டயாலிசிஸ் வரவில்லையே, மூளைக்கு என்ன ஆகப்போகிறது' என்ற எண்ணம் இந்த நிலையில்தான் பரவலாக இருக்கிறது.

ஈமோகுளோபின் 9.6 கி./டெ.லி. 5 முதல் 12 வயது வரை 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 38 நா.கி./மி.லி., ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 13 சதவீதம். இரும்பு மாத்திரை ஓராண்டாக எழுதிக்கொடுக்கப்பட்டு வந்தும் இதுதான் நிலை. ரத்த அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 18 மி.மோல்/லி., பொட்டாசியம் 5.1, பாஸ்பேட் 5.4 மி.கி./டெ.லி., சிறுநீரில் புரத–கிரியாட்டினின் விகிதம் 1.1. தைராய்டும் பி12-உம் சரியாக இருந்தன.

மருத்துவமனையில் அளந்த ரத்த அழுத்தம் 104/64, அவன் வயதுக்கும் உயரத்துக்கும் இயல்பு. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயுள்ள சிறுவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, மருத்துவமனையில் இயல்பாகவும் வெளியே உயர்ந்தும் இருக்கும் மறைந்த உயரழுத்தம் உண்டு. அதனால் 24 மணி நேரப் பதிவு எடுக்கப்பட்டது. எழுதாத கையில் பட்டை கட்டி, பகலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, இரவில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்தார்கள். காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் பொய்யாக ஏறித் தெரியும். 24 மணி நேரச் சராசரித் தமனி அழுத்தம் 95-ஆம் சதமானத்துக்கு மேல் வந்தது. தூக்கத்தில் 10 சதவீதமாவது இறங்க வேண்டிய அழுத்தம் 4 சதவீதம்தான் இறங்கியிருந்தது.

செவித்திறன் பரிசோதனையில் 4000 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல், 6000-இலும் 8000-இலும் 40 டெசிபெல் இழப்பு, இரு காதிலும் ஒரே மாதிரி. வீட்டின் அமைதியில் பேசினால் எல்லாம் கேட்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தால் 'ஸ்', 'ஃப்' போன்ற கூரிய ஒலிகள் நழுவிவிடும். மிச்சத்தை ஊகித்துக்கொண்டே கேட்கும் குழந்தைக்கு, கேட்டதை நினைவில் வைக்கத் தெம்பு மிஞ்சாது. நாள்பட்ட சிறுநீரக நோயே காதைப் பாதிக்கக்கூடியது. அதோடு ஜென்டாமைசின், ஃபியூரோசிமைடு போன்ற மருந்துகளும் சேரும். இந்த நோயுள்ள எந்தக் குழந்தைக்கும் செவிப் பரிசோதனை இல்லாமல் அறிவுத்திறன் தேர்வு வைக்கக் கூடாது.

மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. வலிப்போ, ஒருபக்கப் பலவீனமோ, திடீர்ச் சரிவோ இல்லை, படம் எடுத்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. சிறுநீரகத் திசு உருவாகும்போதே கோளாறான குழந்தைகளில் வளர்ச்சித் தாமதமோ முக அமைப்பு வேறுபாடோ சேர்ந்திருந்தால் குரோமோசோம் நுண்வரிசைப் பரிசோதனை செய்வது பயன்தரும். 17-ஆம் குரோமோசோமில் எச்.என்.எஃப்.1பி மரபணு உள்ள பகுதி இழப்பு போன்றவை சிறுநீரகத்தையும் மூளையையும் ஒருசேரப் பாதிப்பவை. இவனுக்கு அடைப்பே காரணமாகத் தெளிவாக இருந்ததால் அது தேவைப்படவில்லை.

ஒரு பள்ளி நாள்

மதியச் சோர்வுக்குக் காரணம் ரத்தப் பரிசோதனையில் மட்டும் கிடைத்துவிடவில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதும் மாலையில் வந்தவுடனும் ஒரே தராசில், ஒரே உடையில் எடை பார்த்து எழுதும்படி பெற்றோரிடம் சொல்லப்பட்டது. ஐந்து நாள் குறிப்பில் சராசரியாக 22.4 கிலோ மாலையில் 21.9 ஆனது. அரை கிலோ, உடல் எடையில் 2 சதவீதத்துக்கும் மேல்.

இவனுக்கு ஒரு நாளில் போகும் சிறுநீர் சுமார் 2.4 லிட்டர். செறிவூட்டத் தெரியாத சிறுநீரகம், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டும் அளவுக்குக் குடிக்க வேண்டிய பையன் காலை எட்டு மணி முதல் மூன்று மணி வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை.

"ஏன்பா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா உடனே டாய்லெட் போகணும். அடிக்கடி கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க."

காலையில் தெளிவாக இருக்கும் பிள்ளை மதியத்துக்குப் பிறகு துவண்டு போனதற்கு இதுவே பெரும் காரணம். நீர்வறட்சி கவனத்தைக் குலைப்பதோடு நிற்காது, ஒவ்வொரு நாளும் சிறுநீரகத்துக்கும் அடி. இரவில் வேறு தொல்லை. மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறான். நடுவே கால் குடைச்சலால் புரண்டு புரண்டு படுக்கிறான். கால் குடைச்சலுக்கும் குறைந்த ஃபெரிட்டினுக்கும் உள்ள தொடர்பு தெரிந்ததே. ஆறு மணி நேரம்கூட முழுதாகத் தூங்காத ஒன்பது வயதுப் பையனிடம் எந்தத் தேர்வு வைத்தாலும் கவனக்குறைவு என்றுதான் வரும்.

முதல் தேர்வில் நடந்த தவறு

68 என்ற எண் எப்படி வந்தது என்று பழைய குறிப்புகளைப் பார்த்தபோது விளங்கியது. காய்ச்சலுடன் கூடிய சிறுநீர்த் தொற்றுக்காக உள்நோயாளியாக இருந்த மூன்றாம் நாள், 'இருக்கிற நாளிலேயே முடித்துவிடலாம்' என்று தேர்வு வைக்கப்பட்டிருக்கிறது. அன்று ஈமோகுளோபின் 9.1. மருந்தேற்றும் ஊசி வலது கையில், எழுதும் கையில். வெக்ஸ்லர் சிறுவர் தேர்வில் செயல்வேகத்தை அளக்கும் குறியீட்டுப் பகுதி பென்சிலால் இரண்டு நிமிடத்தில் குறிகளை எழுதிச் செய்ய வேண்டியது. எண் வரிசையைத் திருப்பிச் சொல்லும் பகுதி வாய்மொழியாக வாசிக்கப்படுவது. வலிக்கும் கையையும் மந்தமான காதையும் வைத்துக்கொண்டு இரண்டிலும் அவன் வீழ்ந்திருக்கிறான், இவை இரண்டும் சேர்ந்து மொத்த மதிப்பெண்ணைக் கீழே இழுத்திருக்கின்றன.

அதைவிடப் பெரிய தவறு முடிவில் இருக்கிறது. நுண்ணறிவு எண் சுமார் 70-க்குக் கீழே இருப்பது மட்டும் அறிவுசார் குறைபாடு ஆகாது. உடுத்துவது, பேசிப் பழகுவது, காசு எண்ணுவது, பாதுகாப்பாக இருப்பது போன்ற அன்றாட வாழ்வுத் திறனிலும் அதே அளவு குறை இருந்தாக வேண்டும். அது அளக்கப்படவே இல்லை. இப்போது வைன்லாண்ட் அளவுகோலில் அளந்தபோது 91 வந்தது, சராசரிக்குள்ளேதான். ஓர் எண்ணை வைத்து ஒட்டப்பட்ட முத்திரையால் ஓராண்டாக அவனுக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் நடத்தப்பட்டு வந்திருக்கிறது.

இத்தகைய தேர்வுக்கு நாள் குறிக்கும்போது பார்க்க வேண்டியவை: தொற்றோ மருத்துவமனை அனுமதியோ முடிந்து சில வாரமாவது ஆகியிருக்க வேண்டும். ஈமோகுளோபின் 11-ஐ எட்டியிருந்தால் நல்லது. காதும் கண்ணும் பார்த்திருக்க வேண்டும். காலை நேரம், சாப்பிட்ட பிறகு, கழிப்பறை இடைவேளையுடன், தேவைப்பட்டால் இரண்டு அமர்வாகப் பிரித்து வைக்கலாம். ஹீமோடயாலிசிஸ் செய்யும் குழந்தையென்றால் டயாலிசிஸ் நடக்கும்போதோ முடிந்த கையோடோ வைக்கக் கூடாது, மறுநாள் வைப்பதே நியாயம். அதே தேர்வை ஓராண்டுக்குள் மீண்டும் வைத்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும், அதை முன்னேற்றம் என்று தவறாக எண்ணுவோம்.

முதலில் திருத்தியவை

தேர்வை உடனே திரும்ப வைக்காமல், திருத்தக்கூடியவற்றை நான்கு மாதம் திருத்திய பிறகு வைப்பது என்று முடிவானது.

இரும்பு ஏன் ஏறவில்லை என்பதற்கு மாத்திரை டப்பாவிலேயே விடை இருந்தது. மறக்காமல் இருக்கட்டும் என்று இரும்பையும் கால்சியம் கார்பனேட்டையும் இரவு உணவோடு சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். கால்சியம் கார்பனேட் உணவிலுள்ள பாஸ்பேட்டைப் பிடிப்பதற்காக உணவோடு போக வேண்டியது. இரும்பு அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது விலகிப் போக வேண்டியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்பைக் குடலில் சேரவிடாது. கிலோவுக்கு 3 மி.கி. தனிம இரும்பு, அதாவது நாளுக்குச் சுமார் 65 மி.கி., மாலை பள்ளி விட்டதும் வெறும் வயிற்றில் என்று மாற்றியும் ஆறு வாரத்தில் ஃபெரிட்டின் 52-ஐத் தாண்டவில்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் ஃபெரிட்டின் 100-க்கு மேலும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும். அதனால் சிரை வழி இரும்பு ஏற்றி, பிறகு ரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் டார்பெபோயெட்டின் ஊசி கிலோவுக்கு வாரம் 0.45 மைக்ரோகிராம், ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் தொடங்கப்பட்டது. இரும்பு நிரம்பாமல் இந்த ஊசியைத் தொடங்குவது அடுப்பில் விறகில்லாமல் ஊதுவது போலத்தான், அளவைக் கூட்டிக்கொண்டே போவோம், பலன் வராது. நான்காம் மாத முடிவில் ஈமோகுளோபின் 11.2. இலக்கு 11 முதல் 12 வரை, அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை.

பைகார்பனேட்டை 22-க்குக் கொண்டுவரக் கிலோவுக்கு நாளுக்கு 2 மி.மோல் வேண்டும், சுமார் 44 மி.மோல். 500 மி.கி. சோடியம் பைகார்பனேட் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 6 மி.மோல் என்பதால் நாளுக்கு ஏழு மாத்திரை. முன்பே ஆறு மாத்திரை எழுதப்பட்டிருந்தது, ஆனால் அதில் இரண்டு பள்ளியில் மதியம் போட வேண்டியவை. அவை ஒருநாளும் போடப்படவில்லை. காலை 2, பள்ளி விட்டதும் 2, இரவு 3 என்று வீட்டுக்குள் முடித்தபின் எட்டு வாரத்தில் 22 வந்தது. பிள்ளையின் பள்ளி நேரத்துக்குள் மருந்து எழுதுவதற்கு முன் 'அங்கே யார் கொடுப்பார்கள்' என்று கேட்காவிட்டால் அந்த வேளை மருந்து பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும்.

ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில். 2009-இல் வெளியான எஸ்கேப் ஆய்வில் 3 முதல் 18 வயது வரையிலான 385 சிறுவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 6 மி.கி. ராமிப்ரில் கொடுத்து, 24 மணி நேரச் சராசரித் தமனி அழுத்தத்தை 50-ஆம் சதமானத்துக்குக் கீழே வைத்தபோது சிறுநீரகச் சரிவு மெதுவானது. இவனது உடற்பரப்பு 0.87 ச.மீ., இலக்கு சுமார் 5 மி.கி. முதலில் பைகார்பனேட் ஏறி பொட்டாசியம் 4.6-க்கு இறங்கிய பிறகுதான் 1.25 மி.கி.-யில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு உயர்வுக்குப் பின்னும் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கப்பட்டன. கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சலில் குடிக்க முடியாத நாளில் ராமிப்ரிலை நிறுத்திவிட்டு அழைக்கும்படி பெற்றோரிடம் எழுதியே கொடுக்கப்பட்டது. நீரை நிறையக் கழிக்கும் இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் வாந்தியும் இந்த மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று முடங்கும்.

ஏ.டி.எச்.டி. மருந்து தொடங்கப்படவில்லை. அன்றாடத்தில் திட்டமிட்டுச் செய்யும் திறனை அளக்கும் பிரீஃப் வினாத்தாளை ஆசிரியர் நிரப்பியதில் செயல்நினைவு (ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்யும் திறன்) 74, வேலையைத் தொடங்குதல் 70, திட்டமிடல் 68, தன்னடக்கம் 53. இந்த வினாத்தாளில் சராசரி 50, 65-ஐ எட்டினால் கவலைக்குரியது. துறுதுறுப்போ பொறுமையின்மையோ இல்லை, தன்னடக்கம் இயல்பாகவே இருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும், பசியைக் குறைக்கும். உயரமும் எடையும் ஏற்கெனவே பின்தங்கி, மறைந்த உயரழுத்தமும் உள்ள பையனுக்கு, தூக்கமும் இரும்பும் சரியாகாத நிலையில் அதைத் தொடங்குவது முறையாகாது. சிறுநீரக நோயோடு உண்மையான ஏ.டி.எச்.டி.யும் இருக்கலாம். அப்போது அழுத்தம் கட்டுக்குள் வந்தபின், மீண்டும் 24 மணி நேரப் பதிவு எடுத்துக்கொண்டு கவனத்தோடு தொடங்குவதில் தடையில்லை.

திருத்திய பின் எடுத்த தேர்வு

9 வயது 8 மாதத்தில், முதல் தேர்வுக்கு 15 மாதம் கழித்து, வெக்ஸ்லர் சிறுவர் தேர்வு ஐந்தாம் பதிப்பு அமைதியான அறையில் இரண்டு காலை அமர்வாக வைக்கப்பட்டது. சொல்லறிவு 98, காட்சி–இட அறிவு 89, நெகிழ்திறன் பகுத்தறிவு 91, செயல்நினைவு 79, செயல்வேகம் 77. மொத்தம் 86. இவற்றின் சராசரி 100, திட்ட விலக்கம் 15.

68-இலிருந்து 86-க்கு வந்ததைச் சிகிச்சையின் வெற்றி என்று எழுத முடியாது. முதல் தேர்வே செல்லாது என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. இந்த அறிக்கையில் பார்க்க வேண்டியது மொத்த எண்ணும் அல்ல. சொல்லறிவுக்கும் செயல்வேகத்துக்கும் நடுவே உள்ள 21 புள்ளிப் பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும். 86 என்பதை மட்டும் ஆசிரியரிடம் சொன்னால் 'கொஞ்சம் சுமார்' என்று எடுத்துக்கொள்வார். சிறுவனோ ஓரிடத்தில் வகுப்போடு சமமாகவும் இன்னோரிடத்தில் வெகுவாகப் பின்தங்கியும் இருக்கிறான்.

கணினியில் எடுத்த தொடர் கவனத் தேர்வில் அவசரத் தவறுகள் இயல்பு, விடுபடல்கள் கூடுதல், பதில் நேரம் ஒருமுறைக்கு ஒருமுறை மிகவும் மாறியது. தூண்டப்பட்டுத் துள்ளும் பிள்ளையின் தோற்றம் இது இல்லை, விளக்கு மங்கி மங்கி எரிவது போன்றது. வாசிப்பு 94, கணிதம் 75.

கணிதம் 75 என்பதற்குள் என்ன இருக்கிறது என்பது ஒரே கணக்கில் தெரிந்தது. 503-இலிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னபோது 346 என்று எழுதினான். ஒன்றாம் இடத்தில் கடன் வாங்கி 13-இல் 7 போக 6, சரி. பத்தாம் இடத்தில் 9 ஆக மாறியிருக்க வேண்டியதை 10 என்றே வைத்து 6-ஐக் கழித்து 4. நூறில் 4 ஆகியிருக்க வேண்டிய 5-ஐ அப்படியே வைத்து 2-ஐக் கழித்து 3. கடன் வாங்கும் முறை தெரிகிறது. வாங்கிய கடன் மனதில் நிற்கவில்லை. மாறிய எண்ணை மேலே எழுதி, பழையதை அடிக்கச் சொன்னதும் 236 என்று சரியாக வந்தது. அடுத்த ஐந்து கணக்குகளில் நான்கு சரி. கணக்குப் புரியாத பிள்ளைக்குக் கருத்தைத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். இவனுக்குத் தேவைப்பட்டது மேலே எழுதிக்கொள்ள ஓர் இடம்.

இது ஏன் நேர்கிறது

வட அமெரிக்காவில் சிக்கிட் எனப்படும் ஆய்வு, வடிகட்டும் வீதம் 30 முதல் 90 வரை உள்ள 1 முதல் 16 வயதுச் சிறுவர்களை 2005 முதல் பின்தொடர்ந்து வருகிறது. 2011-இல் அதிலிருந்து வந்த கட்டுரையின்படி நுண்ணறிவு, கல்வித்தேர்ச்சி, கவனம், திட்டமிட்டுச் செய்யும் திறன் ஆகியவற்றில் 21 முதல் 40 சதவீதத்தினர் சராசரிக்கு ஒரு திட்ட விலக்கத்துக்கும் மேல் கீழே இருந்தார்கள். பொதுவாக அந்த இடத்தில் இருப்போர் 16 சதவீதம்தான். 34 ஆய்வுகளையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், பொதுமக்களைவிட மொத்த நுண்ணறிவு எண் சுமார் 10 புள்ளி குறைவு, டயாலிசிஸ் குழந்தைகளில் சுமார் 16. பெரும்பாலோர் 'சராசரிக்குச் சற்றுக் கீழ்' என்ற எல்லைக்குள்ளேயே இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் போவது அதனால்தான்.

காரணம் ஒன்றல்ல. ரத்த அழுத்தம் உயர்ந்த சிறுவர்களில் செய்முறை நுண்ணறிவு குறைந்திருப்பதும், புரதக் கசிவு கூடியவர்களில் சொல்லறிவும் கவனமும் குறைந்திருப்பதும் அதே சிக்கிட் குழுவில் தெரிந்தன. வாழ்நாளில் எவ்வளவு பங்கு நோயோடு கழிந்தது என்பதும் கணக்கில் வரும். பிறவியிலேயே தொடங்கிய இவனுக்கு அது முழுப் பங்கு. ரத்தசோகையில் மூளை தனக்கான ரத்த ஓட்டத்தைக் கூட்டி ஈடுகட்டுகிறது. உடலில் தேங்கும் கழிவுகள், அமிலத்தன்மை, தூக்கக் கெடுதி, பள்ளி நாள் இழப்பு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. முன்காலத்தில் இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பாஸ்பேட்டைக் குறைக்கக் கொடுத்த அலுமினிய மருந்துகள் சிறு குழந்தைகளின் மூளையைக் கடுமையாகச் சிதைத்தன. 1980-களுக்குப் பிறகு கால்சியம் சார்ந்த மருந்துகளும் பின்னர் செவலமரும் அந்த இடத்துக்கு வந்தன. அதனால் பழைய ஆய்வுகளின் எண்களை இன்றைய குழந்தைக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

திடீரென்று மந்தமானால் மருந்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். செஃபெபிம், அசைக்ளோவிர், பாக்லோஃபென், கபாபென்டின் ஆகியவற்றைச் சிறுநீரகத் திறனுக்கேற்பக் குறைக்காவிட்டால் குழப்பமும் வலிப்பும் வரும்.

பள்ளிக்கு எழுதிய கடிதம்

'சலுகை காட்டவும்' என்ற பொதுவான கடிதத்தால் எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன, எப்போது, எவ்வளவு என்று எழுதினால்தான் ஆசிரியரால் செய்ய முடியும். இவனுக்கு எழுதியதில், கேட்காமலே வெளியே போக மேசையில் வைத்துக்கொள்ளும் சிறு அட்டை முதலில் வந்தது. இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை 200 மி.லி. தண்ணீர், பள்ளி நேரத்தில் மொத்தம் 800 மி.லி. முன்வரிசை இருக்கை, ஆசிரியரின் சட்டையில் ஒலிவாங்கியும் அவன் காதில் அலைவாங்கியும். கட்டளை ஒரு நேரத்தில் ஒன்று, மூன்று படி இருந்தால் பலகையில் எழுத்தில். தேர்வுக்கு ஒன்றரை மடங்கு நேரம். வீட்டுப்பாடத்தில் அதே தரக் கணக்குகளில் பாதி எண்ணிக்கை. கணக்கை எளிதாக்க வேண்டாம், குறைத்தால் போதும் என்பது தனியே அடிக்கோடிடப்பட்டது. கட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம், மேலே ஒரு வரி கடனுக்காகக் காலி. இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து அவனை நான்காம் வகுப்புக்கே திருப்ப வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

தண்ணீர் ஏற்பாடு முதல் இரண்டு வாரம் நடக்கவில்லை. அட்டையைக் காட்டவும் அவன் கூச்சப்பட்டான். வகுப்பில் எல்லோருமே தண்ணீர் குடிக்கும் மணி என்று ஆசிரியர் மாற்றியதும் சரியானது. மாலை எடை இழப்பு 0.1 கிலோவுக்குள் வந்தது.

தொடர்ச்சி

நான்காம் மாதத்தில் ஆசிரியரின் பிரீஃப் மதிப்பெண்: செயல்நினைவு 66, தொடங்குதல் 61, திட்டமிடல் 65, தன்னடக்கம் 52. மதியத் தூக்கம் நின்றது. கால் குடைச்சல் ஃபெரிட்டின் 100-ஐத் தாண்டியதும் போனது. இரவில் எழுவது தொடர்கிறது, அந்தச் சிறுநீரகத்துக்கு அது மாறாது.

11 வயதில் மறுதேர்வு: சொல்லறிவு 97, காட்சி–இட அறிவு 91, பகுத்தறிவு 92, செயல்நினைவு 82, செயல்வேகம் 80, கணிதம் 83. செயல்நினைவிலும் வேகத்திலும் 3 புள்ளி ஏற்றம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும், முன்னேற்றம் என்று சொல்ல இடமில்லை. கணிதத்தின் 8 புள்ளி ஏற்றத்துக்குக் கட்ட நோட்டும் நான்காம் வகுப்புப் பாடமும் காரணமாக இருக்கலாம். அதாவது அடிப்படைப் பள்ளம் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றிப் போக வழி கிடைத்திருக்கிறது. பெற்றோரிடமும் இப்படியே சொல்லப்பட்டது.

உயரம் 130 செ.மீ., கிரியாட்டினின் 1.63, வடிகட்டும் வீதம் 33. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பேச்சு அந்த வீதம் 20-ஐ நெருங்கும் முன்பே தொடங்கும், முடிந்தவரை டயாலிசிஸைத் தவிர்ப்பதே எண்ணம். மாற்று அறுவைக்கு முன் ஒரு தேர்வும், பிறகு ஓராண்டு கழித்து ஒரு தேர்வும் வைக்கப்படும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் தொடங்கியபின் கை நடுக்கம் வந்தால் எழுதிச் செய்யும் பகுதிகளின் மதிப்பெண் குறையும், அது அறிக்கையில் தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

மருந்துப் பொறுப்பு இப்போதே மெல்ல அவன் கைக்கு மாறிவருகிறது. செயல்நினைவு 82 உள்ள பையன் பதினெட்டு வயதில் எட்டு மருந்தைத் தானாக நினைவில் வைப்பான் என்று எதிர்பார்ப்பது, மாற்றுச் சிறுநீரகத்தையே பணயம் வைப்பதாகும். வாரத்துக்கு 28 அறை கொண்ட மருந்துப் பெட்டியை ஞாயிறு மாலை அவன் நிரப்புகிறான், அம்மா கூட உட்கார்ந்து பார்க்கிறார். முதல் மாதம் வாரத்துக்கு நான்கு ஐந்து தவறு. கடைசியாக வந்த வாரக் குறிப்பில் ஒன்று: வியாழன் மாலை இரும்பு, கால்சியத்தோடு ஒரே அறையில். அதை அவனே கண்டுபிடித்து மாற்றியிருந்தான்.